ஸகாத் காசில் ஊர்க்கிணறு கட்டலாமா?

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் ஊரில் அறுபது குடும்பங்கள். ஆவணி பிறந்தால் குடிதண்ணீருக்குப் பவுசரைத்தான் பார்த்திருக்கிறோம். பிரித்தானியாவில் இருந்து இயங்கும் முஸ்லிம் தொண்டர் அமைப்பு ஒன்று பொதுக்கிணறு கட்டித்தர முன்வந்திருக்கிறது. ஸகாத் காசை இந்துக்களும் கிறிஸ்தவர்களும் வாங்கலாமா, பிறகு மதம் பேச வருவார்களா என்று சங்கத்தில் பாதிப்பேர் தயங்குகிறார்கள். என்ன செய்யலாம்?
– கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர் ஒருவர்

பதில்: உதவியை வாங்கலாம். ஆனால் அது ஸகாத் காசாக இல்லாமல் இருப்பதுதான் உங்களுக்கு நல்லது.

ஸகாத் என்பது வசதியுள்ள முஸ்லிம் ஒருவர், ஓராண்டு கையில் இருந்த சேமிப்பில் 2.5 வீதத்தைக் கட்டாயமாகக் கொடுப்பது. அது யாருக்குப் போகலாம் என்று குர்ஆனின் 9ஆம் அத்தியாயம் 60ஆம் வசனம் எட்டு வகையினரைச் சொல்கிறது. மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோர் அது முஸ்லிம் ஏழைகளுக்கே உரியது என்பார்கள். எந்த ஏழைக்கும் கொடுக்கலாம் என்போரும் உண்டு. ஏழையின் கையில் அது சொந்தமாகச் சேரவேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. பொதுக்கிணறு எந்த ஒருவருக்கும் சொந்தம் இல்லையே! அதனால் கிணற்றுக்கு வழக்கமாக வருவது ‘ஸதகா ஜாரியா’, அதாவது கொடுத்தவர் காலமான பின்னும் நன்மை ஓடிக்கொண்டிருக்கும் தர்மம். நம் ஊர்களில் கேணி வெட்டிவைத்தவர்களின் எண்ணமும் இதுதான். இதைப் பெறுவதற்கு மதவரம்பு இல்லை. ஆகவே உங்கள் முதல் கடிதத்திலேயே ‘இது எந்த நிதி?’ என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். ஒரு நோக்கத்துக்கென்று வந்த காசைப் பிறகு வேறொன்றுக்கு மாற்றுவது அவர்களுக்கும் கடினம்.

மதம் பற்றிய பயத்துக்கு ஒரு வரி போதும். உதவியை மதப் பரப்பலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்று செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் வகுத்த நடத்தைக்கோவை சொல்கிறது. அதில் கையொப்பமிட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். அதே வாசகத்தை உடன்படிக்கையிலும் சேருங்கள். 2006இல் மூதூர் இடம்பெயர்வின்போது முஸ்லிம் எய்ட் அமைப்பும் அமெரிக்க மெதடிஸ்ட் திருச்சபையின் நிவாரணப் பிரிவும் தோளோடு தோள் நின்று வேலை செய்தன. கிணற்றில் கொடையாளியின் பெயர்ப்பலகை வைக்கக் கேட்பார்கள், வைக்கட்டும். குடத்தோடு நிற்கும் பெண்களையும் பிள்ளைகளையும் படம் எடுப்பதற்கு மட்டும் முன்கூட்டியே அனுமதி கேட்கச் சொல்லுங்கள்.

அமைப்பு உண்மையானதா என்று பார்ப்பது எளிது. பிரித்தானிய அறக்கட்டளை ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பதிவிலக்கத்தை இட்டால் வருடாந்தக் கணக்கறிக்கை இலவசமாகக் கிடைக்கும். இங்கே அவர்களோ உள்ளூர்ப் பங்காளியோ அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகத்தில் பதிந்திருக்க வேண்டும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இப்படியான காசு கூர்ந்து பார்க்கப்படுகிறது. 2021இல் சில அமைப்புகள் தடையும் செய்யப்பட்டன. எனவே பிரதேச செயலருக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம். காசு சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே வரவேண்டும். உண்டியலிலோ (வங்கியைத் தவிர்த்துக் கைமாற்றும் முறை) தலைவரின் சொந்தக் கணக்கிலோ வாங்கினால் கிணறு முடியுமுன் ஊர் இரண்டாகும்.

மதத்தைவிடப் பெரிய ஆபத்து கிணறு வற்றுவது. றமழான் இப்போது மாசி, பங்குனியை ஒட்டி வருகிறது. நன்கொடை அப்போதுதான் கூடுதலாகச் சேரும். படத்தைக் கொடையாளிக்குச் சீக்கிரம் அனுப்பும் அவசரத்தில் உடனே வெட்டச் சொல்வார்கள். மாரி மழையின் ஊற்று அடங்காத காலம் அது. பன்னிரண்டு அடியில் தண்ணீரைக் கண்டதும் வேலையை நிறுத்திவிடுவார்கள், ஆவணியில் அடி தெரியும். வெட்டுவதை ஆவணி, புரட்டாதிக்குத் தள்ளுங்கள். நீர்மட்டம் மிகத் தாழ்ந்திருக்கும்போது ஆழப்படுத்தினால்தான் வருடம் முழுக்க நிற்கும்.

கணக்கைப் பாருங்கள். 240 பேருக்கு ஆளுக்கு 50 லீற்றர் என்றால் நாளுக்கு 12,000 லீற்றர். 15 அடி விட்டக் கிணற்றில் ஓர் அடித் தண்ணீர் ஏறக்குறைய 5,000 லீற்றர். ஆகவே ஆவணியில் இறைத்துவிட்டு அளந்தால், ஒரு நாளுக்குள் இரண்டரை அடியாவது திரும்ப ஊறவேண்டும். ஊறாவிட்டால் அது குடிக்க மட்டும் என்று சங்கத்தில் முடிவெடுங்கள், தோட்டத்துக்குக் குழாய் போடவிடாதீர்கள்.

மலசலகூடக் குழியில் இருந்து 30 மீற்றர் தள்ளியே இடம் எடுங்கள். கண்ணிவெடி அகற்றிய இடம்தானா என்று கச்சேரியில் கேட்டுவிட்டே மண்வெட்டியை வையுங்கள். காணி உறுதிக்காணியாக இருந்தால் கிணற்றுத் துண்டையும் பாதையையும் நன்கொடை உறுதியாக எழுதவேண்டும். அனுமதிப்பத்திரக் காணிக்குப் பிரதேச செயலரின் முன்சம்மதம் வேண்டும். வாய்ச்சொல்லில் கட்டினால் காணிக்காரர் மாறும் நாளில் வேலிக்குப் பூட்டு விழும். தண்ணீரைக் குடிக்கமுன் நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையில் பரிசோதியுங்கள். புளோரைட்டு லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கொதிக்கவைத்தும் பயனில்லை, தண்ணீர் வற்ற வற்ற அது செறிவாகும்.

பராமரிப்புக் காசை அவர்களிடம் எதிர்பார்க்காதீர்கள். ‘நன்கொடை முழுதும் கிணற்றுக்கே’ என்று விளம்பரப்படுத்தும் அமைப்பிடம் அடுத்த வருட மோட்டார் திருத்தத்துக்குக் காசு இருக்காது. குடும்பத்துக்கு மாதம் 100 ரூபாய் சேர்த்தால் வருடம் 72,000. மின் இணைப்பைச் சங்கத்தின் பெயரில் எடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1990 ஒக்டோபரில் விரட்டப்பட்டு, 2009க்குப் பிறகு திரும்பிய முஸ்லிம் குடும்பங்கள் நீராவிப்பிட்டி, முள்ளியவளைப் பக்கம் இருக்கின்றன. மீள்குடியேற்றக் காணிப் பிணக்குள்ள துண்டில் கிணற்றுக்கு இடம் காட்டாதீர்கள். பக்கத்தில் அவர்களின் குடியிருப்பு இருந்தால் கிணற்றுக் குழுவில் அங்கிருந்து இருவரைச் சேருங்கள். இரண்டு ஊருக்கும் ஒரே விண்ணப்பம் என்றால் அமைப்பும் விரும்பும், நாளைக்கு ‘எங்கள் காசில் உங்கள் கிணறு’ என்ற பேச்சும் எழாது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இறைச்சி தர வருவதாகச் சொன்னால், மாட்டிறைச்சி உண்ணாத வீடுகளின் தொகையைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஆட்டிறைச்சியோ உலர் உணவோ கேட்கலாம்.