சோதனைக் கலப்பு: பிணைப்பு இருக்கிறதா, இல்லையா?

முதல் தலைமுறையைத் தங்களுக்குள்ளேயே கலந்து (தன் கலப்பு) பிணைப்பை, அதாவது ஒரே குரோமோசோமில் உள்ள இரண்டு மரபணுக்கள் சேர்ந்தே கடத்தப்படுவதை, கண்டுபிடிக்கலாமே; ஒடுங்கு பண்புகள் மட்டும் உள்ள ஒன்றோடு கலக்கும் சோதனைக் கலப்பு எதற்கு?

கண்டுபிடிக்கலாம், ஆனால் கணக்கு கலங்கலாகிவிடும். தன் கலப்பில் கேமீட்டுகள் (இனச்செல்கள்) இரண்டு பக்கத்திலிருந்தும் கலந்து வரும், ஓங்கு பண்பு உள்ளே இருக்கும் ஒடுங்கு பண்பை மூடிவிடும். சோதனைக் கலப்பில் வரும் இரட்டை ஒடுங்கு பெற்றோரோ (இரண்டு பண்பிலும் ஒடுங்கு) ஒரே வகை கேமீட்டைத்தான் தரும், அதனால் மறைக்க எதுவும் இல்லை; குஞ்சின் தோற்றத்தைப் பார்த்தாலே மற்ற பெற்றோர் அனுப்பிய கேமீட் எது என்று தெரிந்துவிடும்.

என் சோதனைக் கலப்பில் 100 பழ ஈக்கள் (டிரோசோஃபிலா): சாம்பல் நீள்சிறகு 41, கருப்பு குறுஞ்சிறகு 39, சாம்பல் குறுஞ்சிறகு 9, கருப்பு நீள்சிறகு 11. கை-ஸ்கொயர் (எதிர்பார்த்ததிலிருந்து எண்ணிக்கை எவ்வளவு விலகியது என்ற அளவு) 36.16 வந்தது. பிணைப்பு என்று எழுதிவிடலாமா?

எழுதலாம், ஆனால் அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பி வேண்டாம். நான்கு வகையும் 25, 25 வரும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. எண்ணிக்கை விலகிய காரணம் பிணைப்பா, அல்லது குறுஞ்சிறகு ஈக்கள் கூட்டுப்புழுவிலேயே செத்துப்போனதா என்று அது பிரித்துச் சொல்லாது. அதனால் முதலில் வடிவத்தைப் பாருங்கள்: பெரிய வகை இரண்டும் கிட்டத்தட்ட சமம் (41, 39), சின்ன வகை இரண்டும் சமம் (9, 11), சாம்பல் 50, கருப்பு 50, நீள்சிறகு 52, குறுஞ்சிறகு 48. ஒவ்வொரு பண்பும் தனியாக 1:1 நிற்கிறது, சேர்த்துப் பார்த்தால்தான் உடைகிறது. இதுதான் பிணைப்பின் முகம். மறுசேர்க்கை, அதாவது புதுச் சேர்க்கையாக வந்த சின்ன வகைகள், 100-ல் 20; எனவே இரண்டு மரபணுக்களுக்கும் இடையே தூரம் 20 சென்டிமார்கன் (மரபணு வரைபட அலகு).

பெரும்பான்மை வகை எப்போதும் 'இரண்டும் ஓங்கு (சாம்பல் நீள்சிறகு), இரண்டும் ஒடுங்கு (கருப்பு குறுஞ்சிறகு)' தானே?

இல்லை! பலரும் வழுக்கி விழும் இடம் இது. சாம்பல் குறுஞ்சிறகையும் கருப்பு நீள்சிறகையும் கலந்து தொடங்கியிருந்தால், அதே ஜோடிகள்தான் அதிகம் வரும். தாத்தா பாட்டி எப்படி இருந்தார்கள் என்று நோட்டில் குறிக்காமல் எண்ணத் தொடங்காதீர்கள்.

எனக்கு மறுசேர்க்கை ஒன்றுகூட வரவில்லை. இவ்வளவு இறுக்கமான பிணைப்பா?

கலப்புயிரி (முதல் தலைமுறை ஈ) ஆணா, பெண்ணா? டிரோசோஃபிலா ஆணில் குறுக்கேற்றம் (ஜோடிக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது) நடப்பதில்லை, எனவே ஆணை வைத்துச் செய்தால் ஒரே குரோமோசோமில் உள்ள எந்த மரபணுவும் முழுப் பிணைப்பு போலத்தான் தெரியும். பெண்ணை வைத்து மறுபடி செய்யுங்கள். பட்டுப்பூச்சியில் இது அப்படியே தலைகீழ், பெண்ணில்தான் குறுக்கேற்றம் இல்லை.

மறுசேர்க்கை 50 சதவீதம் வந்தால் வேறு வேறு குரோமோசோம் என்று அர்த்தமா?

கட்டாயம் இல்லை. ஒரே குரோமோசோமில் தூரமாக இருந்தாலும் 50 வரும், அதைத் தாண்டாது. அப்போது நடுவில் ஒரு மரபணுவை எடுத்து, அது இரண்டோடும் பிணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சின்னச் சின்னத் தூரங்களைக் கூட்டித்தான் மரபியலாளர் ஸ்டர்ட்டெவண்ட் 1913-ல் முதல் மரபணு வரைபடத்தையே போட்டார்.