வேலூர் வெயிலில் நாஸ்டர்டியம்: வாசகர் கேள்விகள்

காட்பாடி மொட்டை மாடியில் மாசிக் கடைசியில் நாஸ்டர்டியம் என்ற பூச்செடியை விதைத்தேன். நன்றாக முளைத்து, பங்குனியிலேயே கருகிவிட்டது. தண்ணீர் போதவில்லையா?

தண்ணீரில் குறையில்லை, பருவம்தான் தவறிவிட்டது. நாஸ்டர்டியத்தின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பக்கம். குளிர்ச்சியில் வளர்ந்த செடி நம் ஊர் கோடையைத் தாங்காது. கார்த்திகை பிறந்து, அடைமழை கொஞ்சம் ஓய்ந்ததும் விதையுங்கள். பொங்கல் வாக்கில் முதல் மொட்டு தெரியும். மாசி வரை பூக்கும். காலை வெயில் முழுதாகக் கிடைக்கட்டும், மதியத்துக்கு மேல் நிழல் விழும் இடமாக இருந்தால் இன்னும் சில வாரம் கூட வரும். ஏலகிரி மலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

இலை உள்ளங்கை அகலத்துக்கு வருகிறது, பூ மட்டும் இல்லை. குடியாத்தத்தில் தோட்டம். மாதம் இருமுறை தொழு உரம் போடுகிறேன்.

அந்த உரத்தை முதலில் நிறுத்துங்கள். தழைச்சத்து கூடினால் இந்தச் செடி இலையாகவே விட்டுக்கொண்டு போகும். மற்ற செடிகளுக்குக் காட்டும் பாசத்தை இதற்குக் காட்டக் கூடாது. செம்மண்ணும் மணலும் சரிபாதி, அதில் ஒரு கைப்பிடி மண்புழு உரம், அவ்வளவுதான். மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் விடுங்கள். அப்போது இலையைக் கவனித்துப் பாருங்கள். தாமரை இலை போலவே காம்பு நடுவில் சேர்ந்திருக்கும். விழுந்த துளியும் ஒட்டாமல் முத்தாக உருண்டோடும். எத்தனை வருடம் வளர்த்தாலும் இதைப் பார்க்க எனக்கு அலுப்பதில்லை.

விதை முளைக்கவே மாட்டேன் என்கிறது.

தோல் தடிமன். ஓர் இரவு ஊறவைத்து, விரல் கணு ஆழத்தில் ஊன்றுங்கள். பத்து நாள் பொறுங்கள். பிடுங்கி நட்டால் வேர் நொந்துவிடும், அதனால் வளரவேண்டிய தொட்டியிலேயே போடுங்கள்.

இலைக்கு அடியில் கறுப்பாகக் கூட்டம் கூட்டமாகப் பூச்சி. பூவைச் சாப்பிடலாம் என்கிறார்களே, மருந்து அடிக்கலாமா?

அது அசுவினி. இந்தச் செடி என்றால் அதற்குக் கொள்ளைப் பிரியம். சாப்பிடப் போகிறீர்கள் என்றால் ரசாயன மருந்தே வேண்டாம். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துவிடுங்கள், அதிகம் அப்பிய இலையைக் கிள்ளி எறியுங்கள். இரண்டு மூன்று நாள் விடாமல் செய்தால் அடங்கும்.

சாப்பிடலாம் என்பது உண்மைதான். இலை, பூ இரண்டிலும் கடுகின் காரம் இருக்கும். கடுகும் முருங்கையும் இதற்குத் தூரத்துச் சொந்தம். பூவின் பின்னால் வால் போல நீளும் குழலில் தேன் இருக்கும். கடித்தால் முதலில் இனிப்பு, அப்புறம் மூக்கில் ஏறும் காரம். வெள்ளரித் துண்டுகளோடு கலந்து சாப்பிட்டுப் பாருங்கள். நர்சரியில் வாங்கிய செடி என்றால், என்ன மருந்து அடித்தார்களோ தெரியாது. அதன் பூவைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்த வருடத்துக்கு விதை எடுக்க முடியுமா?

முடியும். பூ உதிர்ந்த இடத்தில் மும்மூன்றாகப் பச்சைக் காய் திரளும். அது வெளுத்துச் சுருங்கித் தானாக விழும்போது பொறுக்கி, நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு மாதத்தை எழுதி வையுங்கள். கார்த்திகையில் எடுத்து ஊறவைத்தால் போதும்.