யூ.எஸ்.பி. சாதனங்கள் கூடினால் ஒலி ஏன் கரகரக்கிறது?

கிளிநொச்சியில் கோயில் திருவிழா நேரலையின்போது மைக், வெப்கேம், ஹார்ட் டிஸ்க், டொங்கிள் எல்லாவற்றையும் ஒரே ஹப்பில் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) செருகியதும் ஒலி விட்டுவிட்டு வருகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் மைக்கில் பிழை இருக்காது. யூ.எஸ்.பி. 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர்தான். தனி மின்சாரம் இல்லாத ஹப் அதையே எல்லாவற்றுக்கும் பிரிக்கிறது. விநாடிக்கு 480 மெகாபிட் என்ற தரவு வேகத்தையும் அவை பங்குபோட்டுக்கொள்கின்றன. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் தரவு தவறினால் திரும்ப அனுப்பப்படும். ஒலிக்கு அந்த வசதி இல்லை, தவறிய துண்டு போனதுதான். அதுவே கரகரப்பு.

மைக்கை நேரே மடிக்கணினியில் செருகுங்கள். மற்றவற்றைக் கழற்றி ஒவ்வொன்றாகச் சேர்த்தால் எது குழப்புகிறது என்று தெரியும். அப்புறம், ஜெனரேட்டரில் ஓடும்போது தொடர்ந்து 'ம்ம்' என்று இரைந்தால் அது வேறு கோளாறு: சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓடவிட்டுப் பாருங்கள்.