இடுப்பு மூட்டு மாற்றில் எலும்பின் மீதான அழுத்தத்தைக் கணினி எப்படிக் கணிக்கிறது?

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் இடுப்பெலும்பின் குழிக்குள் பொருத்திய செயற்கைக் கிண்ணத்தைச் சுற்றி எலும்பு எவ்வளவு அழுத்தம் தாங்குகிறது என்பதை வெட்டிப் பார்க்காமல் எப்படிச் சொல்கிறார்கள் என்பது கேள்வி.

சிடி ஸ்கேனிலிருந்து இடுப்பெலும்பின் வடிவத்தை எடுத்து, லட்சக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரிப்பார்கள். ஸ்கேனில் வெளுப்பாகத் தெரிகிற இடம் அடர்த்தியான எலும்பு. அதற்கேற்ப ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு விறைப்பு எண். அப்புறம் சுமை. சாதாரணமாக நடக்கும்போதே இந்த மூட்டில் உடல் எடையைப் போல சுமார் இரண்டரை மடங்கு விசை விழுகிறது. இது ஊகமல்ல, பெர்லினில் ஆய்வாளர் பெர்க்மன் குழுவினர் உணரி (சென்சார்) பொருத்திய செயற்கை மூட்டுகளைக் கொண்டு நேரடியாக அளந்தது. மீதியைச் சமன்பாடுகள் பார்த்துக்கொள்ளும்.

சுவாரசியமெல்லாம் விளிம்பில்தான். சிமெண்ட் இல்லாத கிண்ணத்தை, குடைந்த குழியைவிட 1–2 மி.மீ. பெரிதாக எடுத்து அடித்து இறுக்குவார்கள். கணினி தரும் வண்ணப்படத்தில் விளிம்பைச் சுற்றிச் சிவப்பாக, அதாவது அழுத்தம் அதிகமாக, இருக்கும். குழியின் அடியிலோ சில சமயம் சிறு இடைவெளியே தெரியும். கிண்ணத்தின் உலோகமான டைட்டானியத்தின் விறைப்பு சுமார் 110 ஜிகாபாஸ்கல். கெட்டி எலும்புக்குச் சுமார் 17தான். சுமை விளிம்பு வழியாகவே போய்விடுவதால் கிண்ணத்துக்குப் பின்னால் இருக்கும் எலும்புக்கு வேலை குறைகிறது. வேலையில்லாத எலும்பு நாளடைவில் அடர்த்தி இழக்கும்.

சரி, இந்த எண்களை நம்பலாமா? உராய்வுக்கும் தசை விசைக்கும் என்ன மதிப்பு கொடுக்கிறோமோ, விடை அதைப் பொறுத்து நன்றாகவே மாறும். என்னைக் கேட்டால், தனி எண்ணைவிட, ஒரே எலும்பில் இரண்டு வடிவமைப்புகளை ஒப்பிடும்போதுதான் இந்த முறை உண்மையில் உதவுகிறது.