கேட்டது, சொன்னது: கைதவறி வந்த இக்ஸி

கே: டெஸ்ட் டியூப் பேபி என்கிறார்களே, குழந்தை நிஜமாகவே டியூபுக்குள்தான் வளருமா? – வாசகர், மணப்பாறை

ப: டியூபே கிடையாது சார். ஊறுகாய் பாட்டில் மூடி மாதிரி ஒரு தட்டையான பிளாஸ்டிக் கிண்ணம், அவ்வளவுதான். அதில் கரு மூன்றிலிருந்து ஐந்து நாள் இருக்கும், அப்புறம் கருப்பைக்குள் வைத்துவிடுவார்கள். மிச்சமெல்லாம் அம்மா வயிற்றில்தான்.

கே: மகனுக்கு விந்தணு கவுன்ட் ரொம்பக் குறைவாம், ஒரு விந்தணுவை ஊசியால் நேராகக் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்ஸி செய்யச் சொல்கிறார்கள். ஊசியால் குத்தினால் கருமுட்டை கெட்டுப்போகாதா? இரண்டு வருடமாக மருமகளுக்குத்தான் ஸ்கேன், மாத்திரை எல்லாம் நடந்தது. – வாசகி, பெருந்துறை

ப: கடைசியில் சொன்னதற்கு முதலில் வருகிறேன் அம்மா. மருமகளை இரண்டு வருடம் அலையவிட்டதற்கு, முதல் வாரமே மகனை ஒரு விந்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கலாம். சரி, போகட்டும். ஒரே ரிப்போர்ட்டை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். விந்தணு உருவாகச் சுமார் இரண்டரை மாதம் பிடிக்கும், நடுவில் கடும் காய்ச்சல் வந்திருந்தாலே எண்ணிக்கை சரியும், அதனால் இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள்.

இனி ஊசி. கருமுட்டையின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஒரு கண்ணாடிக் குழாய் அதை லேசாக உறிஞ்சி அசையாமல் பிடித்துக்கொள்ளும், எதிர்ப்பக்கத்திலிருந்து தலைமுடியைவிட மெல்லிய ஊசி வரும். முதலில் விந்தணுவின் வாலை அந்த ஊசியால் அழுத்தித் துள்ளலை நிறுத்தி, உள்ளே இழுத்துக்கொள்வார்கள். முட்டையின் ஓரத்தில் ஒரு குட்டிக் குமிழ் ஒட்டியிருக்கும். அதைக் கடிகாரத்தில் பன்னிரண்டு இருக்கும் இடத்தில் நிறுத்தி, மூன்று இருக்கும் பக்கம் குத்துவார்கள், ஏனென்றால் குரோமோசோம்கள் பெரும்பாலும் அந்தக் குமிழை ஒட்டித்தான் இருக்கும். சவ்வு உடனே கிழியாது, ரப்பர் மாதிரி உள்வாங்கும், லேசாக உறிஞ்சினால்தான் வழிவிடும். சில முட்டைகள் கெட்டுப்போவதும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். மறுநாள் பார்க்கும்போது உள்ளே இரண்டு வட்டம், அப்பாவுடையது ஒன்று, அம்மாவுடையது ஒன்று, தெரிந்தால் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த வழியே கைதவறி வந்ததுதான். பிரஸ்ஸல்ஸில் பலெர்மோ என்ற டாக்டர் விந்தணுவை முட்டையின் மேலுறைக்கு அடியில் மட்டும் விடப் பார்த்துக்கொண்டிருந்தார், ஊசி தவறி உள்ளேயே போய்விட்டது, அந்த முட்டை கருவாகிவிட்டது! 1992ல் உலகுக்கு அறிவித்தார்கள். ஒன்றை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: கவுன்ட் குறைந்ததற்குக் காரணம் ஒய் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லாததுதான் என்றால், பிறக்கப்போகும் பேரனுக்கும் அந்தக் குறை அப்படியே போகும்.

கே: இந்தியாவின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை எது? இரண்டு விதமாகப் படித்தேன். – வாசகர், தென்காசி

ப: ரொம்ப நாள் 1986ல் மும்பையில் பிறந்த குழந்தை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனால் உலகின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தையான லூயிஸ் பிரவுன் இங்கிலாந்தில் பிறந்த 70வது நாளே, 1978 அக்டோபர் 3ல், கொல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்துவிட்டது. கருவை உறையவைத்து எடுத்து அதைச் சாதித்தவர் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய். மாநில அரசு போட்ட குழு நம்பவில்லை. ஹார்மோன் ஆராய்ச்சி செய்தவரைக் கண் மருத்துவமனைக்கு மாற்றினார்கள், கண்ணுக்கும் கருவுக்கும் என்ன சம்பந்தமோ! 1981ல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். மும்பைக் குழந்தைக்குப் பின்னால் இருந்த விஞ்ஞானி ஆனந்த்குமார், பிற்பாடு அவருடைய குறிப்புகளை எல்லாம் எடுத்துப் படித்துவிட்டு, முதல் ஆள் நான் இல்லை, அவர்தான் என்று 1997ல் எழுதினார்.