திம்பம் ஏறும் பழைய ஸ்பிளெண்டருக்குப் பெரிய பிளாக் தேவையா?

கேள்வி: கோபிச்செட்டிபாளையத்தில் இருந்து வாரம் இரண்டு தடவை திம்பம் மலைப்பாதை ஏறித் தாளவாடி போகிறேன். வண்டி 2009 ஸ்பிளெண்டர். புகை தள்ளுது, ஆயில் குடிக்குது. கையில் 12,000 ரூபாய் இருக்கு. ‘பெரிய பிளாக் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்) போட்டுட்டா 125 சிசி வண்டி மாதிரி இழுக்கும்’ என்கிறார் மெக்கானிக். போடலாமா?

பதில்: வேண்டாங்க. உங்க வண்டியின் கார்புரேட்டர், கிளட்ச், கிராங்க் எல்லாம் 97.2 சிசிக்கு அளவெடுத்தவை. காற்றில் குளிரும் இஞ்சின் வேற. திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவிலும் லோடோடு ரெண்டாம் கியரில் ஊரும்போது காற்று குறைவு, சூடு அதிகம். பெரிய பிஸ்டன் முதலில் திணறுவது அங்கேதான். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சிசியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் மாட்டும். விபத்து என்றால் இன்சூரன்ஸிலும் வம்பு.

முதலில் புகை எப்போது வருதுன்னு பாருங்க. காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் குப்பென்று வந்து நின்றுவிட்டால் வால்வு சீல், சின்னச் செலவு. ஏற்றத்தில் முறுக்கும்போது விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங்கும் போரும் (பிஸ்டன் ஓடும் துளை) தேய்ந்திருக்கும். உறுதிப்படுத்த, சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜில் ஒரு தடவை பார்த்துவிட்டு, பிளக் ஓட்டையில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்க. அளவு ஏறினால் ரிங், போர்தான்.

பிளாக்கைக் கழற்றியதும், பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்க. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம். மேல்கீழ் ஆட்டம் துளியும் கூடாது. இருந்தால் கிராங்க்கேஸைப் பிரிச்சு ராட் கிட் மாத்தியே ஆகணும், கூலியும் அதிகம். நான் ஒரு தடவை இதைப் பார்க்காமல் போர் மட்டும் போட்டு (துளையைக் குடைந்து), ரெண்டே மாசத்தில் திரும்ப இஞ்சினைப் பிரிச்சேன். அதனால் 12,000-ல் மூணில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்க.

போர் போடும்போது பலரும் வரிசையைத் தப்பாக்குறாங்க. பிஸ்டனை முதலில் வாங்கி, அதையும் பிளாக்கையும் சேர்த்து லேத்துக்குக் கொடுக்கணும். அந்தப் பிஸ்டனை அளந்து, அதற்கேற்ற இடைவெளி விட்டுத்தான் குடையணும். கோவை கணபதிப் பக்கம் பட்டறைக்குப் பஞ்சமில்லை. போர் கேஜ் போட்டு அளந்து காட்டுறவர்கிட்ட மட்டும் கொடுங்க. ஸ்டாண்டர்டு போர் 50 மி.மீ. அதைவிட 0.25 மி.மீ. பெரிய ஓவர்சைஸில் தேய்மானம் போய்விட்டால் 0.50-க்குத் தாவ வேண்டாம். 1.00 வரை போனாலும் 101 சிசிதான், இழுவை கூடாது.

ஹெட் (வால்வுகள் இருக்கும் மேல் பகுதி) கையில் இருக்கும்போதே வால்வு லேப்பிங் (தேய்த்துப் பொருத்துவது), புது சீல்; டைமிங் செயினையும் பார்த்துடுங்க. கிளட்ச் பக்கம் திறந்தால் ஆயில் சுற்றும் ரோட்டர் ஃபில்டரைக் கழுவச் சொல்லுங்க, பாதிப் பேர் மறந்துடறாங்க.

இழுவை வேணும்னா செயின் மாட்டும் முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறையுங்க. 14 பல் 13 ஆனால் இழுவை சுமார் 8 சதவீதம் கூடும், வேகம் சுமார் 7 சதவீதம் குறையும். சில நூறு ரூபாய் வேலை.

முதல் 500 கிலோமீட்டர் சத்தி, பவானி என்று சமவெளியிலேயே, லோடில்லாமல், வேகத்தை மாத்தி மாத்தி ஓட்டி, ஆயிலை மாத்திட்டு அப்புறம் மலை ஏறுங்க.