வாசகர் கேள்வி: தனியார் குடிநீர்க் குழாய்களைப் பேரூராட்சி வாங்கலாமா?

கேள்வி: வாளையாறு எல்லையை ஒட்டிய எங்கள் பேரூராட்சியில், ஒரு பெரிய மனைப்பிரிவின் குடிநீர், கழிவுநீர் அமைப்புகள் மனை விற்ற நிறுவனத்தின் கையிலேயே இருக்கின்றன. மாதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. இப்போது பேரூராட்சி அவற்றை விலைக்கு வாங்கப்போவதாகப் பேச்சு. எல்லைக்கு அப்பால் கஞ்சிக்கோட்டில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு வாட்டர் அதாரிட்டி தண்ணீர் வருகிறது. எங்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சிக்கல்? வாங்குவது சரிதானா?
- ஒரு வாசகி, க.க.சாவடி

பதில்: கேரளத்தில் 1984இல் அமைந்த நீர் ஆணையம் மாநில அரசுடையது, ஆகவே தங்கள் தங்கைக்கு இந்தக் கேள்வியே எழாது. உங்கள் பேரூராட்சி இதில் இறங்குவதும் முறையானதே. அரசமைப்பின் 74ஆவது திருத்தம் சேர்த்த 12ஆவது அட்டவணையில், குடிநீர் வழங்கலும் துப்புரவும் நகர உள்ளாட்சிகளுக்குரிய பணிகளாகவே குறிக்கப்பட்டுள்ளன. இடறுவது விலையில்தான்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மிசோலா நகரம், தனியார் வசமிருந்த தன் குடிநீர் அமைப்பைக் கட்டாயமாகக் கையகப்படுத்த 2014இல் வழக்குத் தொடுத்து, 8 கோடியே 86 லட்சம் டாலர் என மதிப்பிடப்பட்ட அந்த அமைப்பை 2017இல்தான் கைப்பற்ற முடிந்தது; எதிர்த்தரப்பின் வழக்கறிஞர் செலவும் நகரத்தின் தலையில் விழுந்தது. பாரிஸ் மாநகரமோ தனியார் ஒப்பந்தங்கள் 2009 இறுதியில் காலாவதியாகும்வரை பொறுத்திருந்து, 2010இல் குடிநீரைத் தன் கைக்குக் கொண்டுவந்தது.

இங்கே நிலம் எடுப்புக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, 'நிலம்' என்பதில் மண்ணோடு பிணைந்த பொருள்களும் அடங்கும். ஆகவே குழாய்களைக் கட்டாயமாக எடுத்தால், இழப்பீட்டுடன் அதே அளவு ஆறுதல் தொகையும் சேரும். பேசி முடிப்பதே மலிவு. பேச உட்காரும் முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் தானப் பத்திரத்தின் நகலை வாங்கிப் பாருங்கள். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் சாலைகள் தானப் பத்திரத்தின் வழியே உள்ளாட்சிக்கு வந்துவிடுகின்றன. சாலை பேரூராட்சியுடையது, அதன் அடியில் ஓடும் குழாய் மட்டும் நிறுவனத்துடையது என்றால், அந்தக் குழாயின் செலவு மனை விலையிலேயே உங்களிடம் வாங்கப்படவில்லையா என்று கேட்க வேண்டும். என்னைக் கேட்டால், ஏற்று நடத்தலாம். குழாய்க்கென்று தனி விலை கொடுக்கக் கூடாது.

குடிநீரைவிடக் கழிவுநீரில்தான் எனக்குக் கவலை. குடிநீருக்குக் கட்டணம் வசூலாகும்; சாக்கடையோ செலவு வைக்கும். கையெழுத்துப் போடும் முன், ஒரு மழை நாளில் தெருக்கோடி ஆள்நுழைகுழியின் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கழிவுநீர் விளிம்புவரை நின்றால் குழாயில் அடைப்போ, மழைநீர்க் கசிவோ இருக்கிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் காற்றூதும் மோட்டார் இரவிலும் ஓடுகிறதா என்று மின் கட்டண அட்டையைப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். நிலையத்தை இயக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் அனுமதியான இசைவாணை நடப்பில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். இவை சரியில்லையென்றால், அந்த நிலையத்தை இலவசமாகக் கொடுத்தாலும் அது நட்டக் கணக்கே.

இன்னொன்று, ஆழ்துளைக் கிணறு இருக்கும் மனை யார் பெயரில் இருக்கிறது? கோவை குடிக்கும் சிறுவாணியின் அணை கேரள மண்ணில் இருப்பதால், ஊற்று ஒருவரிடமும் குழாய் இன்னொருவரிடமும் இருப்பதன் சங்கடம் நம் பக்கத்தாருக்குப் புதிதல்ல. அந்த மனையும் மோட்டாரின் மின் இணைப்பும் பேரூராட்சியின் பெயருக்கு மாறிய பிறகே முதல் தவணைப் பணம் தரப்பட வேண்டும் என்று, மன்றத் தீர்மானத்திலேயே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.